குழாய் அல்ல, உயிருள்ள சுவர்

மையித்து வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நேத்து இஷாவுக்கும் பள்ளிக்கு வந்தவர்தானே, ஒரு வருத்தமும் இருக்கல்லயே!" நன்றாக நடந்து திரிந்த ஒருவர் மாரடைப்பில் திடீரென மௌத்தாகும்போது எல்லோருக்கும் இதே திகைப்புத்தான். சிலர் அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் இதயத்தைப் பரிசோதித்திருப்பார்கள். "பெரிய அடைப்பு ஒண்டும் இல்லயாம்" என்று வீட்டாரும் ஆறுதல் அடைந்திருப்பார்கள். அப்படியென்றால் பரிசோதனை பிழையா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. நாடியைப் பற்றி நாம் மனதில் வைத்திருக்கும் படம்தான் பிழை.

நாடியைத் தண்ணீர்க் குழாய் போல நினைக்கிறோம். ஊத்தை படியும், துவாரம் சிறுக்கும், ஒருநாள் அடைபடும். ஆனால் நாடியின் சுவர் உயிருள்ள இழையம். அது ஓடும் குருதியை உணர்ந்து, தன்னைத்தானே உடைத்துத் திரும்பக் கட்டிக்கொள்கிறது.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் தோமா. கோழிக்கருவின் குருதிக் குழாய்களை ஆராய்ந்த அவர், குருதி வேகமாக ஓடும் குழாய்கள் அகலமாவதையும் ஓட்டம் குறைந்தவை ஒடுங்குவதையும் 1893இல் எழுதினார்.

சுவருக்கு ஓட்டத்தின் வேகம் எப்படித் தெரிகிறது? நாடியின் உட்புறத்தில் ஒரே ஒரு கலத் தடிப்புள்ள மெல்லிய படை ஒன்று இருக்கிறது. குருதி அதன் மேல் உராய்ந்து செல்கிறது. உராய்வு கூடினால் அந்தக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவை வெளிவிடும்; சுவரிலுள்ள தசை தளரும்; நாடி விரியும். இந்த உட்படை இல்லாவிட்டால் நாடியைத் தளர்த்த வேண்டிய மருந்துகூடத் தளர்த்தாது என்பதை றொபேட் ஃபேர்ச்கொட் 1980இல் முயலின் நாடியில் காட்டினார். தளர்த்தும் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டுத்தான் என்பது பின்னர் தெரியவந்தது. 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஓட்டம் வாரக்கணக்கில் கூடியே இருந்தால் தசை தளர்வது மட்டும் போதாது. சுவரே புதிதாகக் கட்டப்படும். சிறுநீரக வருத்தத்துக்கு டயலிசிஸ் செய்பவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சை மூலம் இணைத்திருப்பார்கள். குருதி பாய்ந்தோட, சில வாரங்களில் அந்த நாளம் விரிந்து தடித்து ஊசி ஏற்றத் தோதாக மாறிவிடும். தொட்டால் அதிர்வதும் தெரியும்.

இனி வருத்தத்தின் பக்கம் வருவோம். நாடி கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சீராக இல்லை; சுழல்கிறது, முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. அங்கே உட்படை பலவீனமாகிறது. கொலஸ்ட்ரோல் சுவருக்குள் நுழைய, வெண்குருதிக் கலங்கள் பின்னாலேயே வந்து அதை விழுங்கிக் குவிகின்றன. காயம்பட்ட விரல் சிவந்து வீங்குவது போன்ற அழற்சி, நாடிச் சுவருக்குள் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நடக்கிறது.

அப்போதும் நாடி சும்மா இருப்பதில்லை. சிக்காகோவில் சீமோர் கிளாகொவும் அவரது குழுவினரும் 136 இதயங்களை ஆராய்ந்து 1987இல் ஒன்றைச் சொன்னார்கள். படிவு வளர வளர நாடி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. சுவரின் உள் எல்லைக்குட்பட்ட பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும் வரை குருதி ஓடும் துவாரம் சிறுக்காது. அஞ்சியோகிராமில் தெரிவதோ அந்தத் துவாரத்தின் நிழல் மாத்திரமே. சுவருக்குள் இருக்கும் சுமை அதில் தெரியாமல் போகலாம். நெஞ்சு நோவும் வராது.

விசயம் இதோடு முடியவில்லை. வந்து குவிந்த வெண்குருதிக் கலங்கள் சுரக்கும் நொதியங்கள் சுவரின் நார்களைக் கரைக்கின்றன. நாடி விரிந்து கொடுப்பதற்கு அதுவும் உதவுகிறது. ஆனால் அதே நொதியங்கள்தான் படிவின் மேல் மூடியையும் அரிக்கின்றன. மூடி கிழிந்தால் குருதி அந்த இடத்தில் உறைகிறது. நேற்று வரை திறந்திருந்த நாடி, நிமிடங்களில் அடைபடுகிறது. மையித்து வீட்டில் எழும் கேள்விக்குப் பல வேளைகளில் இதுதான் பதில்.

அழற்சியைத் தணித்தால் பயன் உண்டா? மாரடைப்பு வந்து தப்பிய சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. கொலஸ்ட்ரோலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்து, நடுத்தர அளவில் கொடுக்கப்பட்டபோது, மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வருவதைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. ஆனால் கிருமித்தொற்றால் இறப்பவர்கள் சற்றுக் கூடினார்கள். எனவே அது எல்லோருக்குமான மருந்தாகவில்லை.

நம் கையில் இருப்பவை பழைய விசயங்கள்தான். வேகமாக நடந்தால் குருதியோட்டம் கூடி உட்படைக்கு நல்லது. சிகரெட், கட்டுப்படாத சீனி, பிரஷர் மூன்றும் அந்தப் படையைக் கெடுக்கின்றன. கொலஸ்ட்ரோல் குளிசை படிவின் மூடி கிழியும் ஆபத்தைக் குறைக்கிறது. "அடைப்பு இல்லயாம், மருந்த நிப்பாட்டிட்டன்" என்று யாராவது சொன்னால், வைத்தியரிடம் கேட்டுவிட்டா நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். துவாரம் திறந்திருக்கிறது என்பது ஒரு செய்தி. சுவர் சுகமாக இருக்கிறது என்பது வேறொரு செய்தி.