சர்வர் வாங்கினால் போதுமா?

மருத்துவமனைப் பதிவேடு, வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு என நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இன்று சர்வர்களை நம்பியே நடக்கிறது. அவற்றில் கணிசமானவை விண்டோஸ் இயங்குதளத்தில் செயல்படுபவை. அவற்றை வாங்கும்போது காட்டும் அக்கறையைப் பராமரிப்பதில் நாம் காட்டுவதில்லை என்பதே என் கவலை.

விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' என்ற பிணைத்தொகை நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் மட்டும் நோயாளிகளின் 19,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றியிருந்தாலே இதைத் தடுத்திருக்கலாம் என்பதும் அதன் முடிவு.

அப்படியானால், திருத்தம் வந்தவுடன் எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிட்டால் போதுமா? போதாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. தாமதமும் ஆபத்து, சோதிக்காத அவசரமும் ஆபத்து. மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும் திருத்தங்களை முதலில் ஓரிரு சர்வர்களில் சோதித்து, சில நாள்களுக்குள் மற்றவற்றுக்கும் விரிவாக்குவதே முறை.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வட்டில் இடம் தீர்ந்தால் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடும். நிகழ்வுப் பதிவேட்டில் தோல்வியுற்ற உள்நுழைவுகள் திடீரெனப் பெருகினால், யாரோ கடவுச்சொல்லை ஊகிக்க முயல்கிறார்கள் என்று ஐயுறலாம். காப்புநகல் முடிந்ததாக வரும் செய்தியை மட்டும் நம்பக் கூடாது. அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்த்தால்தான் அது பயன்படுமா என்பது உறுதியாகும். ஒரு நகலாவது வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல், சர்வரைப் பூட்டும் நச்சுநிரல் நகலையும் பூட்டிவிடும்.

விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 வரையே அவகாசம். கெடு தெரிந்த பின்னும் நிதி ஒதுக்காமலிருப்பது நிர்வாகத்தின் பிழையே தவிர, தொழில்நுட்பத்தின் பிழையன்று.

எனவே, பொதுச் சேவை நிறுவனங்களின் ஒவ்வொரு கொள்முதல் ஒப்பந்தத்திலும் பராமரிப்புக்கான நிதி, பொறுப்பாளர், பணி நிறுத்த நேரம், மீட்புச் சோதனை ஆகியவை கட்டாயமாக இடம்பெற வேண்டும். மாதம் ஒருமுறை, முன்கூட்டியே அறிவித்து ஒரு மணி நேரம் சேவையை நிறுத்துவது மக்களுக்குச் சிறு சிரமம்தான். அறிவிப்பின்றிப் பல நாள்கள் முடங்குவதை ஒப்பிட்டால், அது நாம் மனமுவந்து ஏற்க வேண்டிய விலை.