கழுத்துக் கட்டி: ஸ்கேன் சொல்வது என்ன?

"டாக்டர், தைராய்டுல 3 செ.மீ. கட்டியாம், கேன்சரா? ஊருக்குப் போய் ஆபரேஷன் பண்ணிடட்டுமா?" என்று ரிப்போர்ட்டும் கையுமாக ஒரு அம்மா என்னிடம் வந்தார். தூங்கி நாலு நாளாம்.

தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. அல்ட்ராசவுண்டில் நாங்கள் அளவை மட்டும் பார்ப்பதில்லை. நீர் மட்டுமே நிறைந்திருந்தாலோ, பஞ்சுபோல இருந்தாலோ பயமில்லை. கெட்டியாக, கருமையாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அகலத்தைவிட முன்பின் ஆழம் கூடி, பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட 'டைராட்ஸ்' முறை இவற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. சந்தேகம் மிக அதிகமானால் 1 செ.மீ.யிலேயே ஊசிப் பரிசோதனை, லேசானால் 2.5 செ.மீ.யில்தான்.

அந்த அம்மாவுடையது பஞ்சுக் கட்டி, ஊசியே தேவைப்படவில்லை. ஸ்கேன் சந்தேகத்தை அளக்கும். புற்றா என்று சொல்வது ஊசிப் பரிசோதனை. ஆகவே பெரிசுன்னு பதறவும் வேண்டாம், சின்னதுன்னு விட்டுவிடவும் வேண்டாம்.