மலைத்தீவில் வீழ்ந்த வானூர்திகள்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

பயணத்தின் பேரிடர் பெரும்பாலும் புறப்படும் இடத்தில் இல்லை. சேரும் இடத்திற்கு அருகிலேயே இருக்கிறது. இவ்வுண்மை பழவேற்காட்டு மீனவர்க்குப் புதிதன்று. ஆழ்கடலில் அலையோடு போராடி மீண்ட படகு, ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தில் மணல்திட்டு தட்டிக் கவிழ்தல் உண்டு. இன்று திட்டு இருக்கும் இடத்தில் நாளை வழி இருக்கும். இன்று வழியான இடம் நாளை தூர்ந்துபோகும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் உலாச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். கரை கண்ணுக்குத் தெரியும் நீரும் உயிரைக் குடிக்கும் என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

கடலுக்குரிய இவ்விதி வானுக்கும் பொருந்தும். அதற்குச் சான்றாக நிற்பது நம் அண்டை நாடாகிய இலங்கை. அம்மலைத்தீவில் நிகழ்ந்த வானூர்தி விபத்துகளுள் மிகப் பெரிய இரண்டும் ஹஜ் பயணிகளின் உயிரைப் பறித்தவை என்பது நம் நெஞ்சை உருக்கும் செய்தியாகும். அவற்றின் வரலாற்றையும் காரணங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவின் அமைப்பு

இலங்கையின் கரையோரம் சமவெளி, நடுப்பகுதி மலைநாடு. பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரமும், முஸ்லிம்கள் 'பாவா ஆதம் மலை' என வழங்கும் சிவனொளிபாத மலை 2,243 மீட்டர் உயரமும் உடையன. பன்னாட்டு வானூர்தி நிலையம் அமைந்த கட்டுநாயக்க, நீர்கொழும்பை அடுத்த மேற்குக் கரையில் உள்ளது. ஆகவே கிழக்கிலிருந்து வரும் வானூர்தி மலைநாட்டைக் கடந்த பின்னரே தாழ வேண்டும். சற்று முன்னரே தாழ்ந்தால் எதிரில் நிற்பது ஓடுதளம் அன்று, மலை.

பண்டைக் கடலோடிகளுக்கோ இம்மலை தொலைவிலிருந்தே கரையை அறிவித்த அடையாளமாயிற்று. 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா பாவா ஆதம் மலையின் உச்சிவரை ஏறினார். பின்னர் அவர் மஅபர் எனப்பட்ட தமிழ்க் கரையை நோக்கி வந்தபோது, அவருடைய கப்பல் விபத்துக்குள்ளாகிக் கரையோர மக்களால் மீட்கப்பட்டார். கடலோடிக்கு வழிகாட்டிய அதே மலைநாடு வானோடிக்குத் தடையாயிற்று என்பது நோக்கத்தக்கது.

சாவகத்துத் தொடர்பு

இவ்விபத்துகளில் மாண்ட பயணிகள் இந்தோனேசியர். கிழக்குச் சாவகத்துச் சுரபாயா நகர் அவர்தம் பயணங்களின் ஒருமுனை. அந்நாட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் உள்ள உறவு பழையது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை அமைத்து, இக்கரையின் துணிகளைச் சாவகம் முதலிய தீவுகளுக்கு ஏற்றினர். மலாய் மொழி வழங்கும் நாடுகளில் ஆடவர் தொழுகைக்கு உடுத்தும் சாரம் இன்றும் 'பெலிக்காட்' என்றே அழைக்கப்படுகிறது. அது பழவேற்காட்டின் ஆங்கில வழக்காகிய 'புலிக்காட்' என்பதன் திரிபே. எனவே அப்பயணிகளை நமக்கு முற்றும் அயலார் என எண்ண இயலாது.

1974: ஏழு கன்னியர் மலை

1974 டிசம்பர் 4 அன்று, நெதர்லாந்தின் மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டிசி-8 வானூர்தி சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்டது. கருடா இந்தோனேசியா நிறுவனத்துக்காக வாடகைக்கு அமர்த்தப்பட்ட அதில் 182 ஹஜ் பயணிகளும் 9 பணியாளரும் இருந்தனர். இடைவழியில் எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவில் இறங்குவது திட்டம். இரவு பத்து மணியளவில், 2,000 அடிவரை தாழலாம் என்று தரைக்கட்டுப்பாடு இசைவளித்தது. நிலையத்தை நெருங்கிவிட்டதாகவே விமானிகள் எண்ணினர். ஆனால் நிலையத்துக்கு இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் இருந்தது. நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகளை ஒட்டிய ஏழு கன்னியர் மலையில், சுமார் 4,355 அடி உயரத்தில் வானூர்தி மோதிற்று. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எந்திரம் பழுதுபட்டதால் நேர்ந்த விபத்தன்று இது; இருப்பிடம் பிறழ்ந்ததால் நேர்ந்தது. வானூர்தியிலிருந்த டாப்ளர் கருவியும் வானிலை ராடாரும் தந்த குறிப்புகளையே விமானிகள் சார்ந்திருந்தனர் என்றும், அவை தவறாகப் பொருள்கொள்ள இடமளித்தன என்றும் விசாரணை கருதியது. டாப்ளர் கருவி, தரையின் மேல் செல்லும் வேகத்தையும் காற்றால் விலகும் அளவையும் அறிந்து, கடந்த தொலைவைக் கணக்கிடுவது. நீண்ட கடற்பயணத்தில் இக்கணக்கின் சிறுபிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். எனவே தரையிலுள்ள நிலையான குறி ஒன்றைக்கொண்டு அதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

இதனைப் பழவேற்காட்டு வழக்கால் எளிதில் விளக்கலாம். கரையில் கலங்கரை விளக்கம் ஒன்றை மட்டும் கண்ட மீனவன் தான் எத்திசையில் உள்ளான் என்பதை அறிவான். எவ்வளவு தொலைவில் உள்ளான் என்பதை அறியான். வேறொரு கரை அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதே அவனுடைய இடம் உறுதிப்படும். அவ்வுறுதி கிட்டும்வரை தேர்ந்த மீனவன் முகத்துவாரத்துள் படகைச் செலுத்தான். அந்த இரண்டாம் அடையாளம் இன்றியே அவ்வானூர்தி தாழ்ந்தது.

1978: தென்னந்தோப்பில் நேர்ந்த துயர்

நான்காண்டு கழியுமுன்னரே அடுத்த பேரிடர் நேர்ந்தது. 1978 நவம்பர் 15 அன்று, ஐஸ்லாந்து நாட்டு நிறுவனத்தின் டிசி-8 வானூர்தி ஜித்தாவிலிருந்து சுரபாயா திரும்பும் வழியில் கட்டுநாயக்கவை அணுகியது. பயணிகள் 249 பேர். பணியாளர் 13 பேர். முன்னையோர் ஹஜ்ஜுக்குச் சென்றவர். இவர்களோ அக்கடமையை நிறைவேற்றி இல்லம் மீண்டவர். இரவில், இடியும் மழையுமாக இருந்த வேளையில், ஓடுதளத்துக்குச் சுமார் 2 கிலோமீட்டர் முன்னரே வானூர்தி தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 183 பேர் இறந்தனர். 79 பேர் உயிர் தப்பினர்.

இங்கு மலை இல்லை, சமவெளியே. ஆயினும் இருளிலும் மழையிலும் விமானி கருவிகளை நம்பியே இறங்க வேண்டும். தரையிலிருந்து அனுப்பப்படும் வானொலி அலைகளுள் ஒன்று ஓடுதளத்தின் நேர்கோட்டையும், மற்றொன்று இறங்க வேண்டிய சரிவையும் காட்டும். விமானிகள் விதித்த முறைப்படி உயரத்தைச் சரிபார்க்கவில்லை என்றது இலங்கை விசாரணை. நிலையத்தின் கருவிகள் உரியவாறு பேணப்படவில்லை என்றும், ராடார் வழிகாட்டல் பிழையானது என்றும் ஐஸ்லாந்துத் தரப்பு வாதிட்டது. பழி யாரைச் சேர்ந்ததாயினும், ஒரே குறியை நம்பி மற்றொன்றால் அதனைச் சோதியாமை இங்கும் உயிர்களைக் கொண்டது எனலாம்.

போரும் ஆழ்கடலும்

பின்னாளில் இத்தீவின் வான்வழியில் இயற்கையோடு போரும் பகையாயிற்று. 1986 மே 3 அன்று கட்டுநாயக்கவில் நின்ற ஏர்லங்கா வானூர்தியில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த லயன் ஏர் வானூர்தி, மன்னாரை அடுத்த கடலில் 55 பேருடன் மறைந்தது. பயணிகளுள் பெரும்பாலோர் தமிழர். அது ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக் கடலில் கண்டறியப்பட்டன.

நமது கரையும் இத்துயருக்கு விலக்கன்று. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற விமானப்படையின் ஏ.என்-32 வானூர்தி 29 பேருடன் வங்கக் கடலில் காணாமற்போயிற்று. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பதைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் படமெடுத்ததாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏழரை ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த விடை அதுவே.

அறிவியல் தந்த காவல்

ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் இவ்வாறே ஒரு வானூர்தி மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதனை ஒட்டி, நிலம் நெருங்குவதை ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி அந்நாட்டின் பெரிய பயணிகள் வானூர்திகளில் கட்டாயமாக்கப்பட்டது. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் இக்கருவியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். ஆயினும் அது நேர்கீழே உள்ள நிலத்தை மட்டுமே அளந்தது. செங்குத்தாக எழும் மலை எதிர்ப்படின், எச்சரிக்கை கிடைக்கும்போது காலம் கடந்திருக்கும். 1990களில் வந்த மேம்பட்ட கருவியோ உலக நிலப்பரப்பின் உயரங்களை நினைவில் கொண்டு, செயற்கைக்கோள் காட்டும் இருப்பிடத்தோடு ஒப்பிட்டு, முன்னே நிற்கும் மலையை முன்னரே அறிவிக்கிறது. அதன் பரவலால் இவ்வகை விபத்துகள் பெரிதும் குறைந்துள்ளன.

முடிவுரை

மலை தன் இடத்தில் நின்றது. ஓடுதளமும் தன் இடத்தில் இருந்தது. மனிதன் தன் இடத்தை அறிந்துகொண்டதில்தான் பிழை நேர்ந்தது. இன்று பழவேற்காட்டு மீனவர் பலரின் கையிலும் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி உள்ளது. எனினும் கரை அடையாளங்களைக் கற்பிக்கும் முதியோர் அவ்வறிவைக் கைவிடலாகாது. இளையோர் அதனைப் பழமையென ஒதுக்கலாகாது. ஒரு குறியை மற்றொரு குறியால் சோதித்தறிக என்பதே அவ்வறிவின் சாரம். அவ்விரு டிசி-8 வானூர்திகளில் இறந்த 374 பேர் நமக்கு விட்டுச் சென்ற பாடமும் அதுவேயாகும்.