எந்த ஈயம்?

கும்மிடிப்பூண்டியில் ‘ஈயம்’ என்று சொல்லிப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் பேட்டரி உருக்கும் ஆலைக்கு வேலைக்குப் போகிறவருக்குப் பழைய பேட்டரி நினைவுக்கு வரும். அவர் வீட்டுப் பாட்டிக்கு ரசம். சொல் ஒன்றுதான், பொருள் வேறு.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பேட்டரித் தகடும், கடலோரத்தில் வலையின் அடியில் கட்டும் குண்டும் காரீயம். இரண்டும் தனித்தனித் தனிமங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-ல். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து மறந்தவர்களுக்கு முதல் எண் பாடமாகியிருக்கும்! ரோமானியர்களும் நம்மைப் போலத்தான். காரீயத்துக்கு ‘கறுப்புப் பிளம்பம்’, வெள்ளீயத்துக்கு ‘வெள்ளைப் பிளம்பம்’ என்று ஒரே பெயரைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் கைக்கு வித்தியாசம் தெரியும். வெள்ளீயக் கட்டியை வளைத்தால் உள்ளிருக்கும் படிகங்கள் நழுவி மெல்லக் கிறீச்சிடும். காரீயம் சத்தமே போடாது. காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரிக் கோடு போடும்.

வெள்ளீயத்தால் ரசத்துக்குக் கெடுதல் இல்லை. அதில் காரீயம் கலந்திருந்தால்தான் வம்பு. புளியிலும் தக்காளியிலும் உள்ள அமிலம், சூட்டோடு சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று நம்பி ஏமாறுகிறது. எலும்பில் இடம் கொடுத்துப் பல பத்தாண்டுகள் வைத்துக்கொள்கிறது. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தால், சிறு பிள்ளைகளுக்குப் பாதி வரை சேரும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 756 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது: ரத்தத்தில் காரீயம், டெசிலிட்டருக்குச் சராசரியாக 11 மைக்ரோகிராம். ஐந்தைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது அதே நிறுவனம்.

எங்கிருந்தெல்லாம்? நம் நாட்டில் பெட்ரோலில் கலந்த காரீயம் 2000-த்தோடு நின்றது. நாம் சந்தேகப்படாத இடம் அலுமினியச் சட்டி. வண்டி உதிரிபாகம், மின்சாதனம் என்று கண்ட கழிவையும் ஒன்றாக உருக்கி வார்க்கும்போது காரீயமும் சட்டிக்குள் போய்விடுகிறது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியா உட்பட 10 நாடுகளில் வாங்கிய 42 அலுமினியப் பாத்திரங்களில் நீர்த்த வினிகர் அமிலத்தைக் கொதிக்கவைத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் கசிவு கவலைப்படும்படி இருந்தது. 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில் பித்தளையோடு நம் இண்டாலியமும் இருக்கிறது.

கண்ணால் பார்த்து இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காகிதக் கோடும் கலப்படம் கொஞ்சமாக இருந்தால் காட்டிக்கொடுக்காது. எடைக்கு வரும் பெயரில்லாத வார்ப்புச் சட்டியை நான் வாங்க மாட்டேன். அலுமினியம்தான் வேண்டுமென்றால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். புளிக்குழம்பு, ஊறுகாயை அதில் வைக்காதீர்கள். எவர்சில்வரில் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலம் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். மீந்த குழம்புக்கு அந்த டப்பாவோ கண்ணாடியோ போதும். ஈயம் பூசக் கொடுக்கும்போது பூசுவது சுத்த வெள்ளீயமா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பேட்டரி உருக்கும் ஆலையில் வேலை பார்ப்பவர்களிடம் தனியாக ஒன்று. அங்கே வார்க்கும் காரீயம் பெரும்பாலும் மறுபடி பேட்டரிக்கே போகிறது. தூசி மட்டும் உங்கள் சட்டையில், முடியில், செருப்பில் வீட்டுக்கு வரும். ஆலையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். வேலைச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.