காரணம் தேடும் மனம்

காரணம் காணாது அமைதி கொள்வது மனித மனத்தின் இயல்பன்று. 1944-இல் பிரிட்சு ஐடர், மரியான் சிம்மல் என்னும் உளவியலாளர் இருவர், இரு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அசையும் குறும்படம் ஒன்றை மாணவர்க்குக் காட்டினர். அவ்வடிவங்களுக்குச் சினமும் அச்சமும் உண்டென்றே கண்டோர் பெரும்பாலோர் விளக்கினர். வடிவங்களுக்கும் உள்ளம் கற்பிக்கும் இவ்வியல்பை, 1942-இல் பாரிசில் வெளிவந்த ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' என்னும் புதினம் முன்னரே சோதித்துவிட்டது.

அதன் கதைசொல்லியான அல்சியர் நகர அலுவலகப் பணியாளன் மெர்சோ, இறந்த தாயின் உடலருகே பாலிட்ட காப்பி அருந்துகிறான், புகைக்கிறான், அழுதிலன். அடக்கம் முடிந்த மறுநாளே மாரி என்னும் பெண்ணுடன் கடலாடி, நகைச்சுவைப் படமும் காண்கிறான். செய்தவற்றையெல்லாம் சொல்பவன், ஏன் செய்தான் என்பதைச் சொல்வதில்லை. பிரெஞ்சுப் புதினங்கள் பயின்ற எழுத்துவழக்கு இறந்தகாலத்தைக் காம்யு விலக்கி, பேச்சுவழக்கு இறந்தகாலத்தில் சிறு சொற்றொடர்களை அடுக்கினார். 'ஆதலால்', 'எனவே' போன்ற இணைப்புகள் அருகின. ஒவ்வொரு தொடரும் தனித்தீவாய் நிற்பதை மெய்யியலாளர் சார்த்தர் 1943-இல் சுட்டினார்.

எனினும் மெர்சோ உணர்வற்றவன் அல்லன். வெயிலின் வெம்மை, நீரின் தண்மை, தலையணையில் மாரியின் கூந்தல் விட்டுச்சென்ற உப்புமணம் ஆகியவை அவன் புலன்களில் கூர்மையாகப் பதிகின்றன. கொலை செய்து அடைபட்ட சிறைக்கு வந்த பாதிரியாரிடம் சீறியும் எழுகிறான். உற்ற உணர்வுக்கு ஊரார் எதிர்பார்க்கும் பெயரைச் சூட்டத்தான் மறுக்கிறான்.

காரணம் கூறாது அவன் விட்ட வெற்றிடத்தை நீதிமன்றம் நிரப்புகிறது. அராபியன் ஒருவனை ஒருமுறை சுட்டு, சற்றே நிறுத்தி, மேலும் நான்குமுறை சுட்டவன் அவன். வெயிலே காரணம் என்கிறான், அவையினர் நகைக்கின்றனர். அரசு வழக்கறிஞரோ அழாத கண்களையும் அருந்திய காப்பியையும் கடலாடலையும் கோத்து, கொலைக்கேற்ற நெஞ்சம் ஒன்றைப் படைத்துக் காட்டுகிறார். மாண்ட அராபியன் பெயரும் பெறாது வழக்கிலிருந்து மறைகிறான்; புதினமும் அவனுக்குப் பெயரிடவில்லை.

காரணம் தேடும் இம்மனத்தோடு தொடர்புடையது காம்யு கூறும் அபத்தம்; அது உலகிலும் இல்லை, மனிதனிலும் இல்லை. பொருள் வேண்டி நிற்கும் மனிதனும் வாய்திறவா உலகும் எதிர்ப்படுமிடத்தில் பிறப்பது அது என்று, 'அந்நியன்' வெளிவந்த 1942-இலேயே வெளியான 'சிசிபசு தொன்மம்' என்னும் நூலில் காம்யு விளக்கினார். அவ்வெதிர்ப்பாட்டைப் பொறுக்கமாட்டாத மன்றம் பொய்க்காரணம் புனைந்து ஓர் உயிருக்கு முடிவெழுதியது. மெர்சோவுக்கு உளநோய்ப் பெயர் ஒன்றைச் சூட்டி, அவனை விளங்கிக்கொண்டதாக எண்ணும் வாசகரும் அம்மன்றத்தின் தொழிலையே தொடர்கிறார்.