நண்பருக்கு ஓர் இசை அஞ்சலி

ஒருவர் மறைந்தபின் அவரை நினைவுகூரப் பல வழிகள் உள்ளன. இசைக்கலைஞர்கள், மறைந்தவரின் படைப்புகளை மீண்டும் இசைத்து ஒரு தொகுப்பாக வெளியிடுவதுண்டு. இதனை அஞ்சலி இசைத்தொகுப்பு எனலாம். ஜாஸ் இசையுலகில் இத்தகைய தொகுப்புகளுள் புகழ்பெற்ற ஒன்று, டியூக் எலிங்டன் தம் நண்பர் பில்லி ஸ்ட்ரேஹார்னுக்காக உருவாக்கியதாகும்.

ஜாஸ், அமெரிக்காவின் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையே தோன்றிய இசை. எலிங்டன் அத்துறையில் சிறந்து விளங்கிய பியானோ கலைஞர். பெரிய இசைக்குழு ஒன்றின் தலைவர். 1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பிட்ஸ்பர்க் நகரில் அவரை ஓர் இளைஞர் சந்தித்தார். அவர்தான் ஸ்ட்ரேஹார்ன். அப்போது அவருக்கு வயது 23. மருந்துக்கடையில் வேலை செய்து வந்தார். எலிங்டனின் பாடல் ஒன்றை முதலில் எலிங்டனைப் போலவே பியானோவில் வாசித்தார். பிறகு தமக்கே உரிய பாணியில் வாசித்துக் காட்டினார். அவருடைய திறமையைக் கண்டு வியந்த எலிங்டன், விரைவிலேயே தம் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

அன்று முதல் ஏறக்குறைய 29 ஆண்டுகள் இருவரும் இணைந்து பணியாற்றினர். புதிய பாடல்களை இயற்றுவதும், எந்தக் கருவி எப்போது ஒலிக்க வேண்டும் என வகுப்பதும் ஸ்ட்ரேஹார்னின் பணிகள். எலிங்டன் குழுவின் அடையாளப் பாடலான ‘டேக் தி ஏ டிரெயின்’ ஸ்ட்ரேஹார்ன் இயற்றியதே. எலிங்டனின் வீட்டிற்குச் செல்லும் வழியை, நியூயார்க் நகரின் ‘ஏ’ ரயிலைக் குறிப்பிட்டு, அவர் பாடலாக்கினார். எனினும், மேடையில் முன்னின்றவர் எலிங்டன் என்பதால் பலர் அதனை எலிங்டனின் படைப்பு என்றே எண்ணினர்.

1964ஆம் ஆண்டில் ஸ்ட்ரேஹார்னுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபோதும் அவர் இசையைக் கைவிடவில்லை. அங்கே அவர் எழுதி முடித்த இறுதிப் படைப்பு ‘பிளட் கவுண்ட்’. இரத்த அணுக்களின் எண்ணிக்கை என்பது அதன் பொருள். 1967ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் அவர் காலமானார்.

மூன்று மாதங்களுக்குள் எலிங்டன் தம் குழுவினருடன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார். ஸ்ட்ரேஹார்னின் படைப்புகளை ஒவ்வொன்றாக அவர்கள் இசைத்தனர். ‘பிளட் கவுண்ட்’ பாடலில் ஜானி ஹாட்ஜஸ் வாசித்த சாக்சபோன், துயரத்தையே குரலாக்கியது போல் ஒலிக்கிறது. தொகுப்பின் தலைப்பு, ‘அவருடைய அன்னை அவரைப் பில் என்று அழைத்தார்’ எனப் பொருள்படும். அதில் எலிங்டனின் பெயர் இல்லை. நண்பரின் பெயரே உள்ளது.

ஒருநாள் ஒலிப்பதிவு முடிந்து, கலைஞர்கள் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தனர். எலிங்டன் மட்டும் பியானோவில் அமர்ந்து ‘லோட்டஸ் பிளாசம்’ பாடலை வாசித்தார். தாம் வாசிக்கும்போது ஸ்ட்ரேஹார்ன் மிகவும் விரும்பிக் கேட்ட பாடல் அது என்பதை எலிங்டன் அறிவார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் பேச்சொலியும் சலசலப்பும் கேட்கின்றன. மெல்ல மெல்ல அவை அடங்கிவிடுகின்றன. அந்த வாசிப்பே தொகுப்பின் நிறைவுப் பாடலாக இடம்பெற்றது.

இத்தொகுப்பு 1969ஆம் ஆண்டு கிராமி விருதைப் பெற்றது. விருதைவிடப் பெரிய பயன் ஒன்றும் அதனால் விளைந்தது. பல ஆண்டுகள் பின்னணியிலேயே உழைத்த ஒருவரின் படைப்புகளை, அவருடைய பெயராலேயே உலகம் கேட்டது.