அடுக்களை இல்லாத வீடு

மலையாள மொழியில் 2006-ஆம் ஆண்டு ஒரு சிறு கவிதை நூல் வெளியாயிற்று. 'அடுக்கள இல்லாத்த வீடு' என்பது அதன் பெயர். தமிழறிந்தார்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை; அடுக்களையும் வீடும் நம்முடைய சொற்களே. ஆயினும், சொல் எளிது என்பதனாலேயே பொருளும் எளிதென்று எண்ணிவிடலாகாது. நூலின் ஆசிரியர் விஜிலா சிறப்பாட். கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் 1982-இல் பிறந்தவர், தலித் பெண்மணி. சாதியையும் பெண் வாழ்வையும் ஒருங்கே பாடுபவர். இந்நூற்பெயரையே திறவுகோலாகக் கொண்டு அவர் கவிதையின் உள்ளீட்டை மாணவர்களுக்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் 'வீடு' என்னும் சொல்லைப் பார்ப்போம். மலபாரின் ஆட்சியாளராக இருந்த வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி காணப்படுகிறது. அந்நாட்டில் உறைவிடத்தின் பெயரே அதில் வாழ்வோரின் சாதியை உரைத்துவிடும். நம்பூதிரியின் உறைவிடம் இல்லம், அரசருடையது கோவிலகம், நாயருடையது வீடு, வயலில் உழைத்த அடிமை மக்களான செறுமரின் குடிசையோ சாளை. 'வீடு' என்று சொல்லும் உரிமைகூட எல்லார்க்கும் பொதுவாக இருக்கவில்லை. ஆகவே, ஒரு தலித் கவிஞர் தம் நூலுக்கு 'வீடு' என்று பெயரிடும்போது, அச்சொல்லுக்குப் பின்னே ஒரு நெடிய வரலாறு நிற்கிறது.

அடுத்து, 'அடுக்களை'. வி.டி. பட்டதிரிப்பாட் எழுதிய 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு' என்னும் நாடகம் 1929-இல் மேடையேறியது. நம்பூதிரிப் பெண்டிர் அந்நாளில் 'அந்தர்ஜனம்' எனப்பட்டனர். அகத்தே இருப்பவர் என்பது அதன் பொருள். மறைக்குடையின்றி வெளியே வர இயலாத அப்பெண்களுக்கு அடுக்களை ஒரு சிறை. அச்சிறையைத் திறக்கச் சொன்னது அந்நாடகம். கேரளத்தின் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் அதற்குச் சிறப்பான இடம் உண்டு.

ஆனால், அதே காலத்தில் மழையிலும் சேற்றிலும் நாற்று நட்டுக்கொண்டிருந்த செறுமப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளை யாரும் அகத்தே அடைத்து வைக்கவில்லை. அவளுக்கு அகமே இல்லை. பிறருடைய நெல்லை விளைவித்தவளுக்குத் தன் அடுப்பை மூட்டத் தனியிடம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் நிலச் சீர்திருத்தம் வந்தது. 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் குத்தகை உழவர்க்கு வயலை உரிமையாக்கிற்று. குடிசை போட்டு வாழ்ந்த கூலியாளர்க்கோ ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரையிலான மனையே உரிமையாயிற்று. தலித் குடும்பங்களிற் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மனை வந்தது, வயல் வரவில்லை.

இப்பொழுது நூற்பெயருக்குத் திரும்புவோம். அதற்கு இரு பொருள் கொள்ள இடமுண்டு. அடுக்களை என்னும் தளையினின்று பெண் விடுபட்ட வீடு என்பது ஒன்று. அடுக்களை அமைக்கவும் வழியில்லாத வறியவர் வீடு என்பது மற்றொன்று. முன்னதில் இருப்பது பெண்ணின் கனவு. பின்னதில் இருப்பது சாதி விளைத்த வறுமை. இவற்றுள் எது சரி என்று கேட்பது பொருந்தாது. இரண்டும் சேர்ந்ததே தலித் பெண்ணின் நிலை என்பது என் கருத்து. பெண்ணுரிமை பேசுவோர் முன்னதை மட்டும் காணலாம். சாதி ஒழிப்புப் பேசுவோர் பின்னதை மட்டும் காணலாம். அவளோ இரண்டையும் ஒரே உடம்பில் சுமக்கிறாள்.

2009-இல் வந்த அவருடைய இரண்டாம் தொகுதியின் பெயரும் இதனை வலியுறுத்துகிறது: 'அம்மா ஒரு கால்பனிகக் கவித அல்ல.' அம்மா ஒரு கற்பனைக் கவிதை அல்லள் என்பது கருத்து. தாயைப் பாலென்றும் விளக்கென்றும் பாடுதல் நம் மொழிகள் அனைத்திலும் உள்ள வழக்கம். அப்பாடல்களில் வரும் தாய்க்குக் கூலி வேலை இல்லை. கால் வெடிப்பு இல்லை. பிறரிடம் கேட்ட வசைச்சொல் இல்லை. அத்தகைய இனிய ஓவியத்தில் தம் தாய் இல்லை என்பதைக் கண்ட மகளின் குரலாகவே அப்பெயர் எனக்குக் கேட்கிறது. இது தாய்மையை இகழ்வது அன்று. உழைக்கும் தாய்க்கு உரிய மதிப்பைக் கேட்பது.

மாணவர்களே, கவிதையில் 'வீடு' என்றும் 'தாய்' என்றும் வரும்போது, அவை எல்லார்க்கும் பொதுவானவை என்று கொண்டு நாம் மேலே படித்துவிடுகிறோம். இனி ஒரு கணம் நின்று, அது யாருடைய வீடு, அங்கே அடுப்பு மூட்டுபவர் யார் என்று கேளுங்கள். அவ்வினாவோடு படிப்பவர்க்குப் பழைய நூல்களிலும் இதுவரை தோன்றாத பொருள்கள் தோன்றும்.